பத்து வாரமா, பதினொரு மாதமா

முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போல ஒரு சத்தம் கேட்டதாக மகன் பிறகு சொன்னான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. 2018 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மாலை. பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஹூஸ்டன் வட்டாரத்தில் பள்ளிகளின் முதன்மை அணி வெள்ளி இரவில் ஆடும். பத்தாம் வகுப்புப் பையன்கள் இருக்கும் இளைய அணிக்கு வியாழக்கிழமைதான். கூட்டம் இருக்காது, பெற்றோர்கள் மட்டும் அங்கங்கே உட்கார்ந்திருப்போம். அன்று அவன்மேல் யாரும் மோதவில்லை. பந்தோடு ஓடியவனைத் துரத்திக்கொண்டு போனவன், திசை மாற்றுவதற்காக வலது காலை ஊன்றினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். அழவில்லை. அவன் அழாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஏசிஎல் என்று சொல்லும் முழங்கால் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள் என் மகன் கேட்ட முதல் கேள்வி, “மே மாதப் பயிற்சிக்கு வந்துவிடலாமா?”

பேர்லாண்ட் மீனாட்சி கோயிலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் நம் பெண்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பார்கள்: “அக்கா, பையன் ஃபுட்பாலில் சேர வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். விடலாமா?” ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குப் பதில் கிடையாது. ஜே. ஜே. வாட் என்ற தடுப்பாட்டக்காரரின் பன்னிரண்டு ஆண்டு ஆட்ட வாழ்க்கையை நடுவில் வைத்துக்கொண்டு நானும் என் மகனும் நான்கைந்து ஆண்டுகள் நடத்திய வாக்குவாதம்தான் என்னிடம் இருக்கிறது. அதை முழுதாகச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

வாட் என்ற பெயர் எனக்கு முதலில் அறிமுகமானது விளையாட்டு மூலமாக இல்லை. 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்து ஹூஸ்டன் மூழ்கியபோது, எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். வாசல்படியில் ஒரு படிதான் மிச்சம். மாடியில் உட்கார்ந்து கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணிக்காரர் ஒருவர் தன் கையிலிருந்து ஒரு லட்சம் டாலர் போட்டு, இரண்டு லட்சம் டாலர் திரட்ட வேண்டும் என்று கேட்டது வந்தது. மூன்று வாரம் முடிவதற்குள் அந்த நிதி 3 கோடியே 70 லட்சம் டாலரைத் தாண்டியது. தண்ணீர் வடிந்த பிறகு, அணித் தோழர்களோடு நின்று லாரியிலிருந்து சாமான்களை இறக்கிக் கொடுத்தார். அந்த மாதம்தான் என் மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளி அணிக்குப் பெயர் கொடுத்திருந்தான். சம்மதப் படிவம் என் மேசைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

கையெழுத்துப் போடத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஜூலையில்தான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வு வெளிவந்திருந்தது. என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீகில் ஆடி, இறந்த பிறகு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட 111 வீரர்களின் மூளைகளில் 110-இல், தொடர்ந்து தலையில் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் இருந்தது. ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருக்கும். ஆடிய எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இருந்தாலும் அந்த எண் கண்ணைவிட்டுப் போகவில்லை. முழு நிம்மதியோடு நான் கையெழுத்துப் போடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிபந்தனை போட்டேன். தலைவலி, மயக்கம், கண் மங்கல், வாந்தி உணர்வு எது வந்தாலும் அன்றைக்கே என்னிடம் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் அந்த சீசன் அதோடு முடிந்தது. டெக்சாஸில் 2011 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடுக்க வேண்டும். அன்று மறுபடி இறக்கக் கூடாது. மருத்துவர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் படிப்படியாகத் திரும்பலாம். ஆனால் பையன் வாயைத் திறக்காவிட்டால் சட்டம் என்ன செய்யும்? அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் காரில் ஏறியதும் என் முதல் கேள்வி ஆட்டப் புள்ளிகள் பற்றி இருக்காது. “தலை எப்படி இருக்கிறது?”

ஆட்டம் எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. ஓர் அணி நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். மற்ற அணி அதைத் தடுக்க வேண்டும். தடுக்கும் வரிசையின் ஓரத்தில், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பவர் டிஃபென்சிவ் எண்ட். வாட் அந்த இடத்துக்காரர். பந்து அசைந்த இரண்டரை மூன்று விநாடிக்குள் எதிரே நிற்கும் நூற்று நாற்பது கிலோ மனிதரைத் தாண்டி, பந்தை எறியப் போகும் குவார்ட்டர்பேக்கைப் போய்ப் பிடித்துச் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்ப்பதற்குப் பெயர் சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை சாக். எனக்கு இது புரிந்தது சடுகுடு வழியாகத்தான். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் மாமா ஊர் அணியில் பிடிகாரர். பாடி வருகிறவனின் முகத்தையும் கையையும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், இடுப்பைப் பார்க்க வேண்டும், இடுப்பு பொய் சொல்லாது என்பார். என் மகனின் பயிற்றுநரும் டேக்கிள் சொல்லிக்கொடுக்கும்போது இடுப்பைத்தான் பார்க்கச் சொன்னார். தலையை நிமிர்த்தி, எதிராளியின் உடம்பைக் கண்ணால் பார்த்தபடியே போய்ப் பிடிக்க வேண்டும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு முட்டினால் கழுத்தெலும்பு போய்விடும் என்று ஒவ்வொரு நாளும் கத்துவார். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு பயிற்சியை வேலி ஓரத்தில் நின்று பாருங்கள். இந்தக் கத்தல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

என் மகனுக்குப் பந்தைப் பிடித்து ஓடும் இடம்தான் வேண்டியிருந்தது. பயிற்றுநர் அவனைத் தடுப்பு வரிசையில் போட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் வாட்டின் பழைய கதையை அவனுக்கு முன்னால் நான் தேடிப் படித்தேன். விஸ்கான்சின் மாநிலத்தில் பெவாக்கி என்ற சிற்றூர். அப்பா தீயணைப்பு வீரர். வாட்டும் 2007-இல் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பந்து பிடிக்கும் இடத்தில்தான் ஆடினார், உதவித்தொகையோடு. ஓராண்டில் அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். பீட்சா வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, விதிப்படி ஓராண்டு ஆடாமல் வெறும் பயிற்சி எடுத்து, அங்கேதான் தடுப்பாட்டக்காரராக மாறினார். கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், 2011-இல் டெக்சன்ஸ் அணி அவரைப் பதினோராவது ஆளாக எடுத்தபோது, ஹூஸ்டன் ரசிகர்கள் பலர் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே 20.5 சாக், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2014-இலும் 2015-இலும் மறுபடி அதே விருது.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டு “பார், உழைத்தால் எல்லாம் வரும்” என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. கையிலிருந்த உதவித்தொகையை விட்டுவிட்டு வர அவருக்குப் பின்னால் செலவை ஏற்றுக்கொண்ட ஒரு குடும்பம் இருந்தது. அதைப் பார்த்து நம் பிள்ளையும் விடலாம் என்று ஆகாது. நான் அவனிடம் காட்டியது ஒன்றுதான்: இடம் மாற்றிப் போட்டது அவருக்கு இறக்கம் ஆகவில்லை. அன்று இரவு ஐந்து இட்லி சாப்பிட்டான்.

வாட்டுக்கு இன்னொரு வித்தை உண்டு. குவார்ட்டர்பேக்கை எட்ட முடியாது என்று தெரிந்தால், ஓட்டத்தை நிறுத்தி, எறியும் கையைப் பார்த்துத் தன் கையை உயர்த்திப் பந்தைத் தட்டிவிடுவார். 2012-இல் மட்டும் பதினாறு முறை பந்தைத் தடுத்தார். அதை என் மகன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, மாலையில் எங்கள் கொல்லைப்புறத்தில் நான் டென்னிஸ் பந்தை எறிவேன். அவன் மூன்றடி தூரத்தில் குனிந்து நின்று எழும்பித் தட்டுவான். புடவையைச் செருகிக்கொண்டு தினம் நாற்பது பந்து. எறிகிறவரின் தோளைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கே சில நாளில் தெரிந்துவிட்டது. நான் ஏமாற்றுவதற்காகத் தோளை அசைத்துவிட்டு எறியாமல் நிற்பேன். சிரித்துக்கொண்டே விழுவான்.

சமையலறைக்கு வருகிறேன். இங்கேதான் தாய்மார்கள் அதிகம் குழம்புகிறார்கள். தடுப்பு வரிசைப் பையனுக்கு எடை வேண்டும் என்றதும் கடையில் டப்பா டப்பாவாகப் புரதப்பொடி வாங்கி வருகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பொடிகளை விற்பதற்கு முன்னால் அரசு சோதித்து அனுமதி கொடுப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒரு டப்பாகூட வாங்கவில்லை. காலையில் நான்கு முட்டை, தோசை. பள்ளிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு பெரிய டப்பா. இரவில் பருப்பு, மீன் அல்லது கோழி, கடைசியில் கெட்டித் தயிர்ச் சோறு. ஓராண்டில் ஒன்பது கிலோ ஏறினான், வயிறு வரவில்லை.

அதைவிட முக்கியம் ஆகஸ்ட் வெயில். முப்பத்தெட்டு டிகிரியில், காற்றில் ஈரம் ஒட்டும் ஹூஸ்டனில், தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுப் பயிற்சி. போகும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை எடை பார்க்க வைத்தேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் அளவுக்கு உப்புப் போட்ட மோரும் தண்ணீரும் சிறிது சிறிதாக உள்ளே போக வேண்டும். மறுநாள் காலை எடை பழைய இடத்துக்கு வராவிட்டால் அன்று பயிற்சி வேண்டாம். வெயிலில் ஒரு பையன் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கிக் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனை. உங்கள் பள்ளி மைதானத்தில் அந்தத் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

இனி முழங்கால்.

அறுவைச் சிகிச்சை நவம்பரில் நடந்தது. வீக்கம் வடிந்து கால் ஓரளவு நீட்டி மடக்க வந்த பிறகுதான் செய்வோம் என்று மூன்று வாரம் காக்க வைத்தார்கள். அது சரியென்று பிறகு புரிந்தது. அறுந்த தசைநாருக்குப் பதிலாக வைக்கும் நாரை அவன் முட்டியிலிருந்தே எடுத்தார்கள். இறந்தவர்களின் தசைநாரையும் வைப்பதுண்டு. ஆடப்போகும் இளவயதுப் பிள்ளைகளுக்கு அது மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். உங்கள் மருத்துவர் எதை வைக்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். எங்கள் காப்பீட்டில் நம் கையிலிருந்து முதலில் கட்டவேண்டிய தொகை ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நவம்பரில் அறுவைக்கு ஒருமுறை கட்டினோம், ஜனவரியில் பிசியோதெரபிக்கு மறுபடி கட்டினோம். ஆண்டுக்கு இத்தனை முறைதான் பிசியோதெரபி என்ற வரம்பும் இருந்தது. முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வருகைகளை இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தோம். பல பள்ளிகள் மாணவர்களுக்கு இரண்டாம்நிலைக் காப்பீடு வைத்திருக்கும். காயம் பட்டதும் கேட்க வேண்டும். காலக்கெடு தாண்டினால் கிடைக்காது.

முதல் மாதம் முழுக்க ஒரே வேலை: காலை நேராக நீட்டுவது. கேட்கச் சின்ன விஷயம். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு, முட்டிக்குக் கீழே என் உள்ளங்கை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “என் விரலை நசுக்கு” என்பேன். தொடை நடுங்கும், முட்டி ஓர் அரை அங்குலம் இறங்கும், என் விரல்மேல் அதன் சூடு தெரியும், அதற்குமேல் இறங்காது. பன்னிரண்டாம் நாள் என் விரல் உண்மையிலேயே நசுங்கியது. இருவரும் அப்போதுதான் அழுதோம்.

வாக்குவாதம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த 2018 சீசனில் வாட் மறுபடி உச்சத்தில் இருந்தார். பதினாறு சாக். எதிராளியின் கையிலிருந்து ஏழு முறை பந்தைத் தட்டிப் பறித்திருந்தார். சுவரில் அவருடைய 99-ஆம் எண் படம். “அவர் கால் எலும்பே முறிந்துதானே அம்மா திரும்பி வந்தார்?” என்றான்.

“எத்தனை நாளில் வந்தார் என்று பார்த்தாயா?” என்று கேட்டேன்.

2017 அக்டோபர் 8, கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவர் மறுபடி களத்தில் இறங்கியது 2018 செப்டம்பர். பதினொரு மாதம். இறங்கியதும் ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு சாக்கூட இல்லை. மூன்றாவது ஆட்டத்தில், நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக, ஒரே நாளில் மூன்று.

அதே மனிதர் அதற்கு முன்னால் என்ன செய்தார் என்பதையும் அவனைப் படிக்க வைத்தேன். 2016 ஜூலையில் முதுகுத்தண்டு வட்டில் அறுவைச் சிகிச்சை. செப்டம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே களத்தில் நின்றார். மூன்றே ஆட்டம். முதுகு மறுபடி போய்விட்டது, இரண்டாவது அறுவை, சீசன் முடிந்தது. அவசரப்பட்டதால்தான் அப்படி ஆனது என்று அறுதியிட்டுச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் இரண்டு கதையும் ஒரே உடம்பில் நடந்தவை. “இதில் எந்த வாட் உனக்கு வேண்டும்?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. இந்திய மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். அதில் பதினொரு மாதம் எண்ணி, 2019 அக்டோபரில் அவனே ஒரு வட்டம் போட்டான். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஏப்ரல் கடைசியில் சோதனை வந்தது. மே மாதம் வசந்தகாலப் பயிற்சி. அதற்கு வராதவர்கள் பின்தங்கிப் போவார்கள் என்று ஒரு பயிற்றுநர் அவன் காதுபட சொல்லியிருக்கிறார். “டாக்டரிடம் தேதி கேள் அம்மா, ஆறு மாதம் போதும் என்று இணையத்தில் இருக்கிறது” என்று நச்சரித்தான். நான் தேதி கேட்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டேன்: ஒற்றைக் காலில் தாண்டும்போது, நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்கு எவ்வளவு வருகிறது? அளந்தார்கள். எழுபத்தெட்டு. தொண்ணூறுக்குக் குறைந்தால் அனுப்ப மாட்டோம் என்றார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்பும் பிள்ளைகளுக்கு மறுபடி அறுந்துபோவது கூடுதல் என்பதையும் விளக்கினார்கள். எழுபத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்த பிறகு என் மகன் என்னோடு சண்டை போடவில்லை. அந்த எண்ணோடு சண்டை போட்டான். அது அவனுக்கு நல்லதாகப் போயிற்று. பிள்ளைக்கு அடிபட்டவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது: தேதியைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள். தேதியைச் சொன்னால் பிள்ளை நாள் எண்ணும். அளவைச் சொன்னால் வேலை செய்யும்.

செப்டம்பரில் தொண்ணூற்று மூன்று வந்தது. சீசனின் முதல் மூன்று ஆட்டங்கள் போய்விட்டிருந்தன. நான்காவதில் இறங்கினான். கால் நன்றாக இருந்தது, மனம் இல்லை. வலது காலை ஊன்ற வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு சிற்றடி வைத்துச் சுற்றி ஓடினான். மாதக்கணக்கில் உடம்பைக் கவனித்த நாங்கள் அந்தப் பயத்தை ஒருநாளும் பேசவில்லை. அதைப் பிசியோதெரபியோடு சேர்த்தே தொடங்கியிருக்க வேண்டும். பயம் விலக இன்னும் ஐந்து ஆட்டம் பிடித்தது.

அந்த அக்டோபர் 27 அன்று ரெய்டர்ஸ் அணியோடு ஆடும்போது வாட்டின் மார்புத் தசை கிழிந்தது. சீசன் முடிந்தது என்று அவரே அறிவித்தார். என் மகன் சுவரிலிருந்த படத்தை வெறித்துக்கொண்டிருந்தான். ஆனால் 2020 ஜனவரி 4 அன்று பஃபலோ அணிக்கு எதிராக, தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்தார். பத்தே வாரம். நாங்களும் என்ஆர்ஜி ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் இருந்தோம். கணவர் எப்படியோ டிக்கெட் வாங்கியிருந்தார். பாதி ஆட்டம் முடிந்தபோது ஹூஸ்டன் 0, பஃபலோ 13. மூன்றாம் கால்பகுதியில் பஃபலோ அணி ஹூஸ்டனின் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டது. கூட்டம் அடங்கிப்போயிருந்தது. அப்போது வாட் உள்ளே பாய்ந்து பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைச் சாய்த்தார். ஏழு புள்ளிக்குப் பதில் பஃபலோவுக்கு மூன்றே கிடைத்தது. ஸ்டேடியம் எழுந்து நின்றது, நானும் எழுந்து நின்றேன், என் கன்னம் நனைந்திருந்தது. பதினாறு புள்ளி பின்தங்கிய அணி கூடுதல் நேரத்தில் 22-19 என்று வென்றது.

கூச்சலுக்கு நடுவே மகன் என் காதருகே குனிந்து, “பத்து வாரம், அம்மா” என்றான்.

காரில் வரும்போதுதான் பதில் சொன்னேன். அவருக்கு முப்பது வயது. அவர் உடம்பை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவக் குழு இருக்கிறது. 2014-இல் ஆறு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம். அதில் ஏறக்குறைய பாதிக்குத்தான் உத்தரவாதம் என்றாலும் அவர் பிள்ளைகளுக்கும் போதும். எலும்போடு தைத்த தசை வேறு, புதிதாக வைத்த நார் உயிர்பிடித்துத் தசைநாராக மாறுவது வேறு. அந்த அபாயம் என்ன என்று தெரிந்து, அவர் தன் உடம்பை வைத்துத் தானே எடுத்த முடிவு அது. “உனக்கு அப்போது பதினைந்து வயது, ராசா. உனக்காக முடிவெடுக்க வேண்டியது நான்.” சிறிது நேரம் கழித்து, “ஆனாலும் நீயும் அழுதாய்” என்றான். ஆமாம் என்றேன். அழகான ஒன்றைப் பார்த்தேன், அழுதேன். அதற்காக அதை என் பிள்ளைக்கு விதியாக்க முடியுமா? அடுத்த வாரமே கன்சாஸ் சிட்டியில் 24-0 என்று முன்னால் இருந்து 51-31 என்று தோற்று அந்த சீசன் முடிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு, கொரோனா ஆண்டு. பெரிய பள்ளிகளுக்கெல்லாம் பயிற்சியே செப்டம்பரில்தான் தொடங்கியது. முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு உட்கார்ந்து பார்த்தோம். நன்றாக ஆடினான். நான்கு முறை பந்தைத் தட்டிவிட்டான், ஒவ்வொன்றும் எங்கள் கொல்லைப்புறத்துத் தட்டல். ஆனால் அமெரிக்காவில் பள்ளி அணிகளில் ஆடும் பையன்கள் சுமார் பத்து லட்சம். என்எஃப்எல்லில் முப்பத்திரண்டு அணிகள், அணிக்கு ஐம்பத்து மூன்று பேர். உள்ளே போனவர்களுக்கும் சராசரி மூன்று ஆண்டைச் சற்றுத் தாண்டிய ஆட்ட வாழ்க்கைதான். வாட்டின் பன்னிரண்டு ஆண்டு அதில் பெரிய விதிவிலக்கு. இந்தக் கணக்கைப் பிள்ளையின் ஆசையைக் குத்துவதற்காகச் சொல்லாதீர்கள். படிப்புக்கான நேரத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லுங்கள். தங்கள் அணியில் ஆட அழைத்து ஒரு சிறிய கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது, கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, மதிப்பெண்ணுக்கும் குடும்பத்தின் பணத் தேவைக்கும்தான். பல பெற்றோர்கள் இது தெரியாமல் மகிழ்ந்து, பிறகு ஏமாறுகிறார்கள். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, ஆடப்போவதில்லை என்று அவனே முடிவு சொன்னான். கடைசி ஆட்டம் முடிந்த இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து மணிக்கட்டு டேப்பைக் கத்தரிக்காமல் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். வெகுநேரம் பிடித்தது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பேசவில்லை.

வாட் 2021-இல் தானே கேட்டு டெக்சன்ஸை விட்டு விலகி அரிசோனாவுக்குப் போனார். அங்கும் தோளில் காயம், அறுவை, மறுபடி பிளேஆஃபில் திரும்பல். 2022 செப்டம்பர் கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறாகி, மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆடினார். ஆடலாம் என்று மருத்துவர்கள் சொன்னதாகத்தான் செய்தி. இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. ஐந்தாண்டுகளாக யாருடைய காயங்களை என் வீட்டுக் காயம் போல எண்ணிக்கொண்டிருந்தேனோ, அவர்மேல் வந்த கோபம். அடுத்த மாதம் அவருக்கு மகன் பிறந்தான்.

டிசம்பர் 27, கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படத்தோடு ஓய்வு அறிவிப்பு வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகன் மாடியிலிருந்து இறங்கி வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அந்த சீசனில் அதுவரை 9.5 சாக் எடுத்திருந்தவர் முப்பத்து மூன்று வயதில் போதும் என்கிறார். “இன்னும் முடியும்போதே விடுகிறார்” என்றான். குரலில் வருத்தம் இல்லை.

2023 ஜனவரி 8, சான் ஃபிரான்சிஸ்கோ அணியோடு கடைசி ஆட்டம். டிவி முன்னால் நானும் அவனும். இரண்டு சாக் எடுத்தார், பன்னிரண்டு ஆண்டில் மொத்தம் 114.5. முடியப் போகும் நேரத்தில் அவர் வெளியே வந்தபோது எதிரணியின் ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள். மகன் பார்த்துக்கொண்டே வலது முட்டியைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான். குளிர் வந்தால் அது இன்றும் கொஞ்சம் இறுகும்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து கராஜுக்குப் போனான். எதையோ தேடும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய டென்னிஸ் பந்து, மயிர் உதிர்ந்து வழுக்கையாகியிருந்தது.

“இருட்டுவதற்குள் பத்துப் பந்து எறி அம்மா.”

புடவையைச் செருகிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனேன். மூன்றடி தள்ளிக் குனிந்து, ஒரு கையைப் புல்லில் ஊன்றினான். நான் தோளை அசைத்தேன், எறியவில்லை. அவன் அசையவில்லை. மறுபடி அசைத்து எறிந்தேன். எழும்பித் தட்டினான். பந்து வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுத் தோட்டத்தில் போய் விழுந்தது.